வாய் ஒன்று, வேகம் வேறு

செகந்திராபாத் பார்க்லேனில் உள்ள செனாய் டிரேட் சென்டரை முழுப் பெயர் சொல்லித் தேடினால் கிடைப்பது சிரமம். சி.டி.சி. என்றால் ஆட்டோக்காரர் சரியாக இறக்கிவிடுவார். மாடிக்கு மாடி கம்ப்யூட்டர் கடைகள். அங்கு ஹார்ட் டிஸ்க் வாங்க வருகிறவர்களின் முதல் கேள்வி, “எத்தனை டிபி?” அடுத்தது, “கடைசி விலை என்ன?” லேப்டாப்பில் வீடியோ எடிட் செய்கிறவர் இந்த இரண்டுக்கும் முன்பே கேட்க வேண்டியது வேறொன்று: இந்த டிஸ்க் என் லேப்டாப்போடு எந்த வேகத்தில் பேசும்?

ஹைதராபாத்தில் இது சில்லறை விவகாரம் அல்ல. ஒரு காலத்தில் தெலுங்குப் படங்களின் நெகட்டிவ் சென்னை லேப்களுக்கு ரயிலேறிப் போனது. 1996இல் ராமோஜி பிலிம் சிட்டி வந்த பிறகு போக்குவரத்து திசை மாறியது; ‘விஸ்வாசம்’, ‘அண்ணாத்த’ போன்ற தமிழ்ப் படங்களே அங்கு முகாமிட்டன. இப்போது பெட்டியில் போவது பிலிம் சுருள் அல்ல, டிஸ்க். பெரிய கம்பெனிகளுக்கு இதைக் கவனிக்கத் தனி ஆள் இருக்கிறார். கல்யாண வீடியோ, குறும்படம், யூடியூப் என்று ஒரு லேப்டாப்பை நம்பிப் பிழைக்கும் இளைஞர்களுக்கு அவர்களேதான் அந்த ஆள். முகூர்த்தத்துக்கு ரீடேக் கிடையாது.

குழப்பத்தின் ஊற்றுக்கண் டைப்-சி என்கிற அந்தச் சின்ன நீள்வட்ட வாய். பார்வைக்கு எல்லாம் ஒன்று போலவே இருக்கும். ஆனால் அதற்குள்ளே யுஎஸ்பி 2.0 இருக்கலாம்: நொடிக்கு 480 மெகாபிட். யுஎஸ்பி 3 இருக்கலாம்: 5 அல்லது 10 கிகாபிட். தண்டர்போல்ட் 3 அல்லது 4 இருந்தால் 40 கிகாபிட். டைப்-சி என்பது வாயின் வடிவம், வேகத்தின் பெயர் அல்ல. போதாக்குறைக்கு 2008இல் யுஎஸ்பி 3.0 என்று பிறந்தது, பிறகு 3.1 ஜென் 1 ஆகி, 3.2 ஜென் 1 என்றும் ஆனது. வேகம் அதே 5 கிகாபிட்தான். நியூமராலஜி பார்த்துப் பெயரை மாற்றிக்கொள்ளும் சினிமாக்காரர்கள் தோற்றார்கள். எனவே அட்டைப் பெட்டியில் பெயரைப் படிக்காமல் 5, 10, 20, 40 என்கிற எண்ணைத் தேடுவதே உத்தமம். லேப்டாப் வாயின் அருகே மின்னல் குறி இருந்தால் பெரும்பாலும் தண்டர்போல்ட்.

எண்ணிலும் ஒரு சூட்சுமம். இவையெல்லாம் பிட் கணக்கு. ஃபைல் அளவு பைட் கணக்கு. எட்டால் வகுத்து, வழியில் ஆகும் சேதாரத்தையும் கழிக்க வேண்டும். யுஎஸ்பி 2.0இல் கைக்கு வருவது நொடிக்கு 35 மெகாபைட் அளவுதான். 10 கிகாபிட் இணைப்பில் ஏறக்குறைய 1,000.

வீடியோவுக்கு எவ்வளவு தேவை? ஆப்பிளின் புரோரெஸ் 422 முறையில் 25 ஃப்ரேமில் உள்ள 4கே காட்சி நொடிக்குச் சுமார் 60 மெகாபைட் விழுங்கும். ஒரு மணி நேரத்துக்கு 221 ஜிபி. மூன்று கேமராவில் எடுத்த தாலி கட்டும் காட்சியை ஒரே நேரத்தில் ஓடவிட்டுப் பார்த்து வெட்ட வேண்டுமானால் 180 மெகாபைட். யுஎஸ்பி 2.0 ஒரு கேமராவுக்கே மூச்சு வாங்கும்.

இணைப்பை மட்டும் குறை சொல்லவும் முடியாது. உள்ளே சுழலும் தட்டு உள்ள பாக்கெட் ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 முதல் 140 மெகாபைட்தான் தரும். அதைத் தண்டர்போல்ட்டில் செருகினாலும் தட்டு வேகமாகச் சுற்றாது. ராமோஜியிலிருந்து அவுட்டர் ரிங் ரோட்டில் பறந்து வந்துவிட்டு சார்மினார் சந்தில் விழி பிதுங்குவது மாதிரி: மொத்தப் பயணத்தையும் தீர்மானிப்பது மிகக் குறுகலான இடம்தான். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500ஐ ஒட்டித் தரும். என்விஎம்இ வகை 10 கிகாபிட் வாயை நிரப்பிவிடும். எடிட் செய்ய எஸ்எஸ்டி, முடிந்ததைப் பத்திரப்படுத்த சுழலும் தட்டு என்று பிரித்துக்கொண்டால் பர்ஸும் தாங்கும். 40 கிகாபிட் பெட்டிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது 8கே, ரா ஃபைல்களோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கே நியாயம்.

யாரும் சந்தேகப்படாத குற்றவாளி கேபிள். போனோடு வரும் வெள்ளை டைப்-சி கேபிள்கள் பல, சார்ஜ் ஏற்றுவதற்காகச் செய்யப்பட்டவை. டேட்டாவுக்கு யுஎஸ்பி 2.0தான். விலை உயர்ந்த டிஸ்க்கை அதில் மாட்டிவிட்டு லேப்டாப்பைத் திட்டுகிறவர்கள் ஏராளம். டிஸ்க்கோடு வந்த கேபிளை டிஸ்க்கோடே கட்டி வைப்பது நல்லது. நான்கு வாய் உள்ள ஹப்பும் அப்படித்தான்: நான்கும் சேர்ந்து ஒரே குழாயில் தண்ணீர் குடிக்கின்றன.

காகித வேகத்தை நம்பக் கூடாது என்பது பழைய பாடம். டிவி கேசட் காலத்தில் கல்யாண வீடியோக்காரர்களின் செல்லப்பிள்ளை ஃபயர்வயர். 400 மெகாபிட் என்றாலும் 480 சொன்ன யுஎஸ்பி 2.0ஐ அது நடைமுறையில் முந்தியது. யுஎஸ்பியில் ஒவ்வொரு பேச்சுக்கும் கம்ப்யூட்டரின் அனுமதி தேவை. இருந்தும் நிலைத்தது யுஎஸ்பிதான். ஆப்பிள் 2025இல் வெளியிட்ட மேக்ஓஎஸ் டாஹோவில் ஃபயர்வயருக்கு இடமே இல்லை. பரணில் ஃபயர்வயர் டிஸ்க் வைத்திருப்பவர்கள் பழைய கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும்போதே காட்சிகளை இறக்கிவிட வேண்டும்.

ஹைதராபாத்தில் விண்டோஸில் வெட்டி, சென்னையில் மேக்கில் கலர் பார்க்க அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க்கை மேக் படிக்கும், தானாக எழுதாது. எக்ஸ்ஃபேட் இரண்டுக்கும் பொது. ஆனால் சொல்லாமல் பிடுங்கினால் கோபித்துக்கொள்ளும் ரகம், ‘இஜெக்ட்’ கொடுக்காமல் கழற்றக் கூடாது. சில பாக்கெட் டிஸ்க்குகளில் யுஎஸ்பி வாய் உள் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். வாய் உடைந்தால் தட்டைக் கழற்றி வேறு பெட்டியில் போட வழியில்லை. தவறி விழுந்த ஒரே பிரதி இப்படி இருந்துவிட்டால் மீட்புக்காரர் கேட்பதைக் கொடுக்க வேண்டியதுதான். கேமரா கார்டை அழிக்கும் முன் இரண்டு டிஸ்க்கில் பிரதி, இரண்டும் இரண்டு பையில்.

வாங்கும்போது சொந்த லேப்டாப்பைக் கடைக்கே எடுத்துப் போகலாம். பிளாக்மேஜிக் கம்பெனியின் இலவச வேகச் சோதனை சாஃப்ட்வேர் ஒன்று இருக்கிறது. அதுகூட வேண்டாம், 30 ஜிபி ஃபோல்டர் ஒன்றைக் காப்பி செய்தாலே போதும். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நல்ல எஸ்எஸ்டியும் 10 கிகாபிட் இணைப்பும் சரியான கேபிளும் கூடினால் ஏறக்குறைய அரை நிமிடம். எங்கோ யுஎஸ்பி 2.0 ஒளிந்திருந்தால் கால் மணி நேரம். அதற்குள் கீழே இறங்கி ஓர் இரானி டீ குடித்துவிட்டு வந்துவிடலாம்.