காடு காத்திருக்கட்டும், கணினி தயாராகவில்லை

முதலில் 2024 டிசம்பர் 30 என்றார்கள். பிறகு 2025 டிசம்பர் 30 என்றார்கள். அந்தத் தேதிக்குச் சில நாட்களே இருந்தபோது அதையும் அழித்துவிட்டு, பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30 என்றும் சிறிய நிறுவனங்களுக்கு 2027 ஜூன் 30 என்றும் எழுதிவிட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடை விதிமுறை 2023 ஜூன் மாதமே அமலுக்கு வந்துவிட்டதாக ஏட்டில் இருக்கிறது. அதன் பேரில் ஒரு மூட்டை கோகோவைக்கூட எந்தத் துறைமுகத்திலும் இதுவரை யாரும் நிறுத்தி வைக்கவில்லை.

இந்த விதிமுறையில் குறைகள் உண்டு. ஆனாலும் இதை நாம் வரவேற்றதற்குக் காரணம் இருந்தது. 1992-ல் ரியோவில் காடுகளுக்கென ஒரு சர்வதேச ஒப்பந்தம் வரும் என்று எதிர்பார்த்தபோது, யாரையும் கட்டுப்படுத்தாத கொள்கை அறிக்கை ஒன்றுதான் வந்தது. 2000-ல் ஐ.நா. காடுகள் மன்றம் அமைந்தது. 2007-ல் அதுவும் ஓர் ஆவணத்தை நிறைவேற்றியது. அதுவும் யாரையும் கட்டுப்படுத்தாது. இப்படி முப்பது ஆண்டுகளாக வாழ்த்துரையாகவே ஓடிக்கொண்டிருந்த விஷயத்தில், மாடு, கோகோ, காப்பி, எண்ணெய்ப் பனை, ரப்பர், சோயா, மரம் என்று ஏழு பொருள்களின் பெயரைச் சொல்லி, 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்தது எங்கள் சந்தைக்குள் வரக்கூடாது, மீறினால் போடும் அபராதத்தின் உச்சவரம்பு ஆண்டு விற்றுமுதலில் குறைந்தது 4 சதவீதமாக இருக்க வேண்டும் என்று எழுதினார்கள். பணத்தில் கை வைத்தால்தான் பேச்சு எடுபடும் என்பது ஒருவழியாகப் புரிந்துவிட்டது என்றே நினைத்தோம்.

இப்போது தள்ளிவைத்ததற்கு ஐரோப்பிய ஆணையத்தார் சொன்ன காரணம்தான் ஆத்திரத்தைக் கிளப்புகிறது. கணினி தாங்காதாம். உலகெங்கிலும் இருந்து வரும் உறுதிமொழிப் படிவங்களை வாங்கிச் சேமிக்கும் தகவல் அமைப்புக்கு, எதிர்பார்த்ததைவிடச் சுமை அதிகமாக இருக்கும் என்று 2025 செப்டம்பரில் கண்டுபிடித்தார்கள். அந்த அமைப்பை 2024 டிசம்பரில் திறந்து வைத்தவர்களும் அவர்கள்தான். எத்தனை படிவம் வரும் என்று கணக்குப் போட வேண்டியவர்களும் அவர்கள்தான். முதல் தள்ளிவைப்பில் முழுசாக ஓராண்டு கிடைத்தது. அந்த ஓராண்டில் செய்த வேலை என்ன? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடத்தைக் கட்டியதும் ஆட வந்தவளேதான்.

இதே ஆட்கள் விவசாயியிடம் என்ன கேட்டார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தோட்டம் இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைப் புள்ளிக்குப் பிறகு ஆறு இலக்கம் வரை துல்லியமாகக் கொடு என்றார்கள். நான்கு ஹெக்டேருக்கு, அதாவது சுமார் பத்து ஏக்கருக்கு உட்பட்ட தோட்டம் என்றால் ஒரு புள்ளி போதும். அதற்கு மேல் என்றால் எல்லை முழுவதையும் வரைந்து கொடுக்க வேண்டும். இந்தியக் காப்பி அதிகம் போவது ஐரோப்பாவுக்கு, அதிலும் முதலில் இத்தாலிக்கு. ஆகவே சேர்வராயன் மலையிலும் பழநி மலையிலும் குடகிலும் காப்பி வைத்திருப்பவர்களுக்கு இது அடுத்த வீட்டுச் செய்தி இல்லை. காப்பி வாரியம் செல்போன் செயலி வழியாகத் தோட்டங்களைப் பதிவு செய்யத் தொடங்கியது. கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பருக்கும் ரப்பர் வாரியம் இதே போன்ற வேலையில் இறங்கியது.

மலைச் சரிவில் எல்லையைப் பிடிப்பது பிரஸ்ஸல்ஸில் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை இல்லை. ஏற்காடு பக்கம் காப்பிச் செடிக்கு மேலே சில்வர் ஓக், அதில் சுற்றிய மிளகுக் கொடி, இடையிடையே பலா. அந்த நிழலுக்குள் போனால் போனில் சிக்னல் நிற்காது. திரையில் புள்ளி தாவித் தாவிப் பக்கத்துத் தோட்டத்தில் போய் விழும். வெட்டவெளிக்கு வந்து காத்திருந்து, மறுபடி மூலைக் கல்லுக்குப் போய் நிற்க வேண்டும். அத்தோடு முடியவில்லை. விளைச்சல் உள்ளூர்ச் சட்டப்படி நடந்தது என்பதற்கும், நிலத்தின் மீது உரிமை உண்டு என்பதற்கும் சான்று வேண்டும். மலையில் எத்தனையோ குடும்பங்களில் பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது. கூட்டுப் பட்டாவைப் பிரிக்க அண்ணன் தம்பி எல்லோரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், சர்வேயர், தாலுகா ஆபீஸ் என்று அலைந்தவர்களுக்குத்தான் அதன் செலவு தெரியும்.

கானாவில் அரசின் கோகோ வாரியம் லட்சக்கணக்கான தோட்டங்களை வரைபடத்தில் ஏற்றியது. ஐவரி கோஸ்ட்டில் விவசாயிகளுக்கு மின்னணு அட்டை கொடுத்தார்கள். அட்டையை வாங்கியவருக்கு அதற்கான கூடுதல் விலை எப்போது வரும் என்று இப்போது யார் பதில் சொல்வது? சொன்ன தேதியை நம்பிச் செலவு செய்தவர்கள் ஏமாந்தார்கள். ஒன்றும் செய்யாமல் தள்ளிவைப்பு வரும் என்று உட்கார்ந்திருந்தவர்கள் புத்திசாலிகள் ஆனார்கள். இதை நாம் மட்டும் சொல்லவில்லை. தள்ளிப்போடாதீர்கள், நாங்கள் பணம் போட்டுவிட்டோம் என்று நெஸ்லேயும் ஃபெரேரோவும் சேர்ந்து கடிதம் எழுதின. சாக்லேட் கம்பெனியே சட்டத்தைக் கொண்டுவா என்று கேட்கிறது, சட்டம் போட்டவர் கால அவகாசம் கேட்கிறார். இந்தக் கூத்து இதற்கு முன் எங்கும் நடந்ததாகத் தெரியவில்லை.

கணினிதான் காரணம் என்பதையும் நம்புவதற்கில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்காவுடன் வெளியிட்ட வர்த்தகக் கூட்டறிக்கையில், இந்த விதிமுறை பற்றிய அமெரிக்க உற்பத்தியாளர்களின் கவலைகளைக் கவனிப்போம் என்று ஐரோப்பிய ஒன்றியம் எழுதிக் கொடுத்தது. அடுத்த மாதமே கணினிக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அக்டோபரில், பெரிய நிறுவனங்களுக்குத் தேதி மாறாது, ஆறு மாதம் கண்டுகொள்ளாமல் விடுகிறோம், அவ்வளவுதான் என்று ஆணையத்தார் ஒரு யோசனையை முன்வைத்தார்கள். உறுப்பு நாடுகளும் நாடாளுமன்றமும் அதையும் தூக்கிப் போட்டுவிட்டு முழு ஆண்டே கேட்டன. பெலெம் நகரில் பருவநிலை மாநாடு நவம்பர் 22-ல் முடிந்தது. காடழிப்பை நிறுத்துவதற்கான வழித்தடம் வேண்டும் என்று அமேசான் முகத்துவாரத்தில் நின்று பேசினார்கள். இறுதித் தீர்மானத்தில் அது இடம்பெறவில்லை. நான்கே நாள் கழித்து, நவம்பர் 26-ல், ஐரோப்பிய நாடாளுமன்றம் தள்ளிவைப்புக்குக் கை தூக்கியது.

இந்த ஆட்களின் பழைய கணக்கையும் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். 2020-க்குள் வெப்பமண்டலக் காடழிப்பைப் பாதியாகக் குறைப்போம், 2030-க்குள் உலகில் காடு குறைவதையே நிறுத்துவோம் என்று 2008-ல் அறிக்கை விட்டவர்கள் இவர்கள்தான். அடுத்த ஆண்டே, 2020-க்குள் போக்குவரத்தில் 10 சதவீதம் புதுப்பிக்கத்தக்க எரிபொருள் வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். அந்தப் பத்து சதவீதத்தை நிரப்ப எங்கே போனார்கள்? இந்தோனேசியாவுக்கும் மலேசியாவுக்கும். ஒரு கட்டத்தில் ஐரோப்பா இறக்குமதி செய்த பாமாயிலில் பாதிக்கு மேல் சமையலறைக்குப் போகாமல் டீசல் டாங்கிக்குப் போனது. சுற்றுச்சூழலைக் காக்கும் சட்டத்துக்காகக் காட்டைக் கொளுத்திப் பனை வைத்தார்கள். தப்பு புரிந்து, 2030-க்குள் பாமாயில் டீசலைக் கைவிடுவது என்று முடிவெடுக்கக் கிட்டத்தட்டப் பத்து ஆண்டு ஆனது. அதற்குள் போர்னியோவில் போனது போனதுதான்.

மரத்தின் கதை இன்னும் மோசம். சட்டவிரோதமாக வெட்டிய மரம் வரக்கூடாது என்று 2010-ல் ஒரு விதிமுறை. 2013 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அபராதத்தை மட்டும் ஒவ்வொரு நாடும் தன் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். ஆடம்பரப் படகுகளின் மேல்தளத்துக்குப் பர்மா தேக்கு வேண்டும். எந்த நாட்டில் கெடுபிடி குறைவோ அந்தத் துறைமுகம் வழியாக அது வந்துகொண்டே இருந்தது. 2021-ல் ராணுவப் புரட்சிக்குப் பிறகு, மியான்மர் அரசு மரக் கழகத்தின் மீதே தடை போட்டார்கள். அதற்குப் பிறகும் தேக்கு வருவது நிற்கவில்லை. அந்தப் பழைய விதிமுறையில் அச்சிட்ட புத்தகங்களுக்கும் பத்திரிகைகளுக்கும் விலக்கு இருந்தது. காகிதமும் மரத்திலிருந்துதானே வருகிறது என்று உணர்ந்து புதிய விதிமுறையில் அவற்றைச் சேர்த்தார்கள். 2025 டிசம்பரில் தேதியை மாற்றிய கையோடு, அச்சிட்ட பொருள்களை மறுபடி வெளியே எடுத்துவிட்டார்கள். அச்சுத் தொழிலில் இருந்துகொண்டு நாம் இதற்கு மகிழ்ச்சி அடைய வேண்டுமோ என்னவோ. மகிழ்ச்சி இல்லை.

இவர்கள் தேதி மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில் காடு என்ன ஆனது? 2024-ல் மட்டும் வெப்பமண்டலத்தில் 67 லட்சம் ஹெக்டேர் முதுகாடு அழிந்தது. முந்தைய ஆண்டைவிட 80 சதவீதம் அதிகம். அதில் கிட்டத்தட்டப் பாதி தீயால் போனது. அந்தத் தீயில் நிறைய மேய்ச்சலுக்கும் சாகுபடிக்கும் மனிதன் வைத்தது. பொலிவியாவில் மாட்டுக்கும் சோயாவுக்கும் நிலம் திருத்த வைத்த தீ காட்டுக்குள் ஏறியது. அந்த மாட்டிறைச்சியும் சோயாவும் ஐரோப்பியச் சந்தைக்கு வந்தால், கேட்பதற்கு ஒரு சட்டம் தயாராக இருந்தது. அதைத்தான் மூட்டை கட்டி வைத்திருக்கிறார்கள்.

2020-ல் இந்தச் சட்டம் வேண்டுமா என்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது கிட்டத்தட்ட 12 லட்சம் பேர் வேண்டும் என்று எழுதினார்கள். அந்தப் படிவங்களை வாங்கிக்கொள்ளும்போது எந்தக் கணினியும் திணறியதாகக் கேள்விப்படவில்லை.

2026 ஏப்ரலுக்குள் விதிமுறையை எளிமைப்படுத்த இன்னொரு மறு ஆய்வு செய்வதாகவும் சொன்னார்கள். எளிமை வேண்டியதுதான், அது பட்டாவோடு அலையும் பத்து ஏக்கர்க்காரருக்கு வரட்டும், கப்பல் கப்பலாக இறக்குமதி செய்பவருக்கு வேண்டாம். இதற்கான அரசியல் உறுதி எங்கிருந்தாவது வந்தாக வேண்டும். நம் வாரியங்கள் தோட்டப் பதிவைப் பாதியில் நிறுத்திவிடக் கூடாது. ஐரோப்பா கேட்கிறதோ இல்லையோ, நம் மலையில் எது தோட்டம், எது காடு என்ற கணக்கு நமக்கே வேண்டும். விவசாயியிடம் ஆறு இலக்கத் துல்லியம் கேட்டவர்களுக்கு, 2026 டிசம்பர் 30-க்கு மேல் இன்னும் ஒரு நாள் கேட்கும் யோக்கியதை கிடையாது.