வாயில்லா ஜீவனும் வாயுள்ள நாமும்

இந்தப் பதிவு கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். சொந்தக்காரர்கள் யாராவது படித்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம். முதல் குற்றவாளி நானேதான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கள் ஊர் நாராயணவனம், புத்தூருக்குப் பக்கத்தில். முன்பு சித்தூர் மாவட்டம், 2022-லிருந்து திருப்பதி மாவட்டம். பத்மாவதித் தாயாருக்குக் கல்யாணம் நடந்த ஊர் என்றால் சிலருக்குப் புரியும். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. தமிழ் எழுதப் படிக்கப் பாட்டி சொல்லிக் கொடுத்தது. திருப்பதியில் மாட்டு டாக்டருக்குப் படித்துவிட்டு, இப்போது மெல்போர்னில் ஒரு அவசர விலங்கு மருத்துவமனையில் ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறேன்.

போன வருஷம் ஜூலையில் ஒரு ராத்திரி ஒரு மணிக்கு அம்மாவிடமிருந்து வீடியோ கால். அங்கே மணி எட்டரை.

"ஆப்பரேசன் முடிஞ்சிச்சுடா கண்ணு. பாரு, தூங்குது."

ராணி எங்கள் வீட்டு நாட்டு நாய். ஒன்பது வயசு. நாலு நாளாகச் சாப்பாடு இல்லை, தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடித்தது, வயிறு உப்பிவிட்டது. கர்ப்பப்பையில் சீழ். கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு வயசான பிறகு வருவது. உடனே அறுத்து எடுக்காவிட்டால் ரத்தத்தில் விஷம் ஏறிச் செத்துப்போகும். சித்தப்பா பையன் வண்டி பிடித்து பக்கத்து டவுனுக்குக் கொண்டுபோனான். டாக்டர் நல்ல கைக்காரர். நாற்பது நிமிஷத்தில் முடித்து உயிரைக் காப்பாற்றிவிட்டார். அதற்கு அவருக்கு ஒரு கும்பிடு.

ஆனால் ஃபோனில் நான் பார்த்தது தூக்கம் இல்லை. கண் பாதி திறந்திருக்கிறது. மூச்சு மேலும் கீழும் இரைக்கிறது. உடம்பு விட்டுவிட்டு நடுங்குகிறது. வயிற்றை இறுக்கி வைத்துக்கொண்டு, அசைந்தால் வலிக்குமே என்று அசையாமல் கிடக்கிறது. உதவியாளரிடம் ஃபோனைக் கொடுக்கச் சொல்லி, "வலிக்கு என்ன போட்டீங்க?" என்றேன். அவர் புரியாமல் பார்த்தார். "மயக்க ஊசி போட்டோமே சார்."

இந்த ஒரு பதிலுக்காகத்தான் இத்தனை நீளப் பதிவு.

மயக்கம் வேறு, வலி வேறு. நம் ஊரில் நாய்க்கும் மாட்டுக்கும் அதிகம் போடும் மயக்க ஊசி சைலசின். அதற்கு வலி குறைக்கும் குணம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் குணம் கால் மணியிலிருந்து அரை மணி நேரம்தான். கிறக்கமோ ஒன்றிரண்டு மணி நேரம் நிற்கும். நடுவில் இருக்கும் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். எழுந்திருக்க முடியாது, கத்த முடியாது, வலி மட்டும் முழுசாக இருக்கும். அதைத்தான் நாம் "தூங்குது" என்கிறோம்.

சரி, வேறென்ன செய்ய முடியும்? டிரிப்ஸ். ஆமாம், நம்ம ஊர் டிரிப்ஸ்தான். வலி மருந்தை ஒரே ஊசியாகப் போட்டால் முதலில் ஏறும், பிறகு இறங்கும். இறங்கும் நேரத்தில் கத்தி உள்ளே இருந்தால் விலங்கு பாடுபடும். அதற்குப் பதில் மருந்தைச் சிறுசிறு அளவாக நரம்பு வழியே ஒரே சீராக ஏற்றிக்கொண்டே இருந்தால் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஆபரேஷனுக்கு முன்னால் தொடங்கி, முடிந்த பிறகும் சில மணி நேரம் ஓட்டலாம். ஃபென்டனில் அல்லது மார்ஃபின், லிக்னோகெயின், கெட்டமைன் இந்த வரிசையில் முக்கியமானவை. மூன்றும் மூன்று வெவ்வேறு இடத்தில் வலியைத் தடுக்கும்.

இதில் கெட்டமைன் சுவாரசியமான ஆள். அதிக அளவில் மயக்கம், மிகக் குறைந்த அளவில் வேறு வேலை. ராத்திரி தெருவில் ஒரு நாய் குரைத்தால் கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்கக் குரைக்கும் இல்லையா? வலியும் அப்படித்தான். காயத்திலிருந்து சேதி திரும்பத் திரும்ப வந்தால் தண்டுவடம் உசுப்பேறிப் போய், சும்மா தொட்டால்கூட வலி என்று கத்த ஆரம்பிக்கும். கெட்டமைன் சொட்டுச் சொட்டாகப் போனால் அந்தத் தெருவை அமைதிப்படுத்தும்.

இனி, நான் வழக்கமாகக் கேட்கும் சப்பைக்கட்டுகள்.

"அவசர கேஸ் சார். உயிரைப் பார்ப்போமா, வலியைப் பார்ப்போமா?"

இரண்டும் வேறு வேறு என்று யார் சொன்னது? ரத்த அழுத்தம் விழுந்து கிடக்கும் நாய்க்கு ஆழ்ந்த மயக்கம்தான் ஆபத்து. வலியை அடக்கினால் மயக்க மருந்து குறைவாகப் போதும். ஓஹியோவில் வில்லியம் மியூரும் கூட்டாளிகளும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில், மார்ஃபின், லிக்னோகெயின், கெட்டமைன் மூன்றையும் சேர்த்து ஏற்றிய நாய்களுக்கு ஐசோஃப்ளூரேன் தேவை 45 சதவீதம் குறைந்தது. ஏறக்குறைய பாதி! அதோடு, நீர் வற்றி அழுத்தம் விழுந்த விலங்குக்கு மெலாக்ஸிகாம் மாதிரி ஊசிகளை உடனே போட முடியாது, சிறுநீரகம் கெட்டுப்போகும். வேண்டிய அளவு கொடுத்து, வேண்டாதபோது நிறுத்தக்கூடிய டிரிப்ஸ் அவசர கேஸுக்குத்தான் முதலில் வேண்டும்.

"பம்ப் எல்லாம் வெளிநாட்டில்தான் சார்."

சிரிஞ்ச் பம்ப் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால்? குழந்தைகளுக்கு ஏற்றும் மைக்ரோ டிரிப் செட் எந்த மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கும். அதில் 60 சொட்டு ஒரு மில்லி. அதாவது மணிக்கு எத்தனை மில்லியோ, நிமிஷத்துக்கு அத்தனை சொட்டு. ஐந்தாம் வகுப்புக் கணக்கு.

500 மில்லி சலைன் பாட்டிலில் 60 மில்லிகிராம் கெட்டமைன் கலக்கிறோம். மில்லிக்கு 50 மில்லிகிராம் இருக்கும் வயலில் அது வெறும் 1.2 மில்லி. ராணி 15 கிலோ. கிலோவுக்கு மணிக்கு 5 மில்லி என்றால் 75 மில்லி, அதாவது நிமிஷத்துக்கு 75 சொட்டு. கெட்டமைன் கிலோவுக்கு நிமிஷத்துக்கு 10 மைக்ரோகிராம் வீதம் போகும். பாடப்புத்தகம் சொல்லும் அளவு அதேதான். அதே பாட்டிலில் 2 சதவீத லிக்னோகெயின் 15 மில்லி சேர்த்தால் அதுவும் நிமிஷத்துக்கு 50 மைக்ரோகிராம் கணக்கில் போகும். அட்ரினலின் கலக்காத லிக்னோகெயினாக இருக்க வேண்டும். பூனைக்கு இந்த லிக்னோகெயின் வேண்டாம், இதயம் தாங்காது. சலைனை வேகமாக ஏற்ற வேண்டிய கேஸ் என்றால் மருந்துக்குத் தனி பாட்டில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்தும் வேகமாக ஓடிவிடும். (இது டாக்டர்களுக்கான கணக்கு. வீட்டில் யாரும் கைவைக்காதீர்கள்.)

சொட்டு எண்ண ஒரு ஆள் வேண்டும், அவ்வளவுதான். என் சித்தப்பா பையன் அன்றைக்கு வாசலில் மூன்று மணி நேரம் செல்ஃபோன் நோண்டிக்கொண்டிருந்தான்!

"சட்டம் விடாது சார், போதை மருந்து."

இதில் பாதி உண்மை. 1985-ம் வருஷப் போதைப்பொருள் சட்டத்தால் மனித நோயாளிகளுக்கே மார்ஃபின் கிடைக்காமல் இருந்தது. 2014-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். அப்படியும் சின்ன ஊர் கால்நடை டாக்டர் கைக்கு அது எளிதில் வருவதில்லை. ஒத்துக்கொள்கிறேன். கெட்டமைனும் 2013-லிருந்து எக்ஸ் அட்டவணையில் இருக்கிறது, பூட்டு வேண்டும், பதிவேடு வேண்டும். ஆனால் அதே கெட்டமைனை மயக்கத்துக்கு மில்லி கணக்கில் போடுகிறவர், வலிக்கு 1.2 மில்லி போட மட்டும் சட்டம் தடுக்கிறது என்றால் எப்படி? லிக்னோகெயினுக்கோ எந்தப் போதைச் சட்டமும் கிடையாது. பல் டாக்டர் தினமும் போடும் மருந்து. உலக சிறு விலங்கு மருத்துவச் சங்கம் 2014-ல் வலிக்கென்றே வழிகாட்டி வெளியிட்டது, 2022-ல் புதுப்பித்தது. கட்டுப்பாட்டு மருந்துகள் கைவசம் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று அதில் தனியாகவே எழுதியிருக்கிறார்கள்.

"வலி ஊசியையே தடை பண்ணிட்டாங்களே" என்றும் சிலர். 2006-ல் மாட்டுக்குத் தடை செய்தது டைக்ளோஃபெனாக்கை. டைக்ளோஃபெனாக் போட்ட மாட்டின் பிணத்தைத் தின்று கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்ததால். கழுகுக்குத் தீங்கு செய்யாத மெலாக்ஸிகாம் இருக்கவே இருக்கிறது. டிரிப்ஸ் நிறுத்தும் நேரத்தில், அழுத்தம் சரியான பிறகு, அதைத் தொடரலாம்.

"அதுங்களுக்குத் தாங்கற சக்தி ஜாஸ்தி சார்."

எனக்கு ரத்தம் கொதிக்கிற இடம் இதுதான்.

எங்கள் பக்கம் புத்தூர் கட்டு பிரசித்தம். மூங்கில் பத்தை, முட்டை வெள்ளை, பச்சிலைச் சாறு. சின்ன வயசில் கை பிசகி எனக்கே கட்டினார்கள். நைனா என் தோளைப் பிடித்துக்கொண்டு, "பல்லைக் கடிச்சிக்கோடா, ஒரே நிமிசம்" என்றார். ஒரே நிமிஷம் என்று எனக்குத் தெரியும். எதற்காக என்றும் தெரியும். ராணிக்கு யார் சொன்னார்கள்? அதைப் பொறுத்தவரை தெரியாத மனுஷர்கள் தெரியாத இடத்தில் வயிற்றைக் கிழிக்கிறார்கள், அது எப்போது முடியும் என்று தெரியாது.

தாங்கும் சக்தி என்ற கதையை மனுஷக் குழந்தைகளுக்கே சொல்லியிருக்கிறார்கள். 1980-கள் வரை மேலைநாடுகளில்கூடக் குறைமாதக் குழந்தைகளுக்கு, அசையாமல் இருக்க மருந்து கொடுத்துவிட்டு, வலிக்குச் சரியாக எதுவும் கொடுக்காமல் நெஞ்சைத் திறந்தார்கள். பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது, வலி மருந்துதான் ஆபத்து என்றார்கள். ஆக்ஸ்ஃபோர்டில் ஆராய்ச்சி செய்த நம் நாட்டு டாக்டர் ஆனந்த், 1987-ல் லான்செட் இதழில் அதை உடைத்தார். ஃபென்டனில் கொடுத்த குழந்தைகளுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு சிக்கல்கள் குறைவாக இருந்தன. வாய் திறந்து சொல்லத் தெரியாததால் அந்தக் குழந்தைகளுக்கு நடந்ததுதான், இன்றைக்கு நம் வீட்டுத் திண்ணையில் படுத்திருப்பதற்கும் நடக்கிறது.

வலி இருந்தால்தான் ஆடாமல் கிடக்கும், காயம் ஆறும் என்பார்கள். வலி உள்ள விலங்கு சாப்பிடாது. குடல் வேலை செய்யாது. சாப்பிடாத உடம்பில் காயம் எப்படி ஆறும்?

எங்கள் ஊரில் தமிழில் நோவு என்போம், தெலுங்கில் நொப்பி என்போம். இரண்டு பாஷையிலும் வார்த்தை இருந்து என்ன பிரயோஜனம், கேட்கிற ஆள் இல்லையே.

இப்போது என் குற்றம்.

அன்றைக்குச் சாயங்காலமே அம்மா ஃபோன் செய்திருந்தாள், ஆபரேஷனுக்கு முன்னால். நான் கேட்டவை: ரத்தம் டெஸ்ட் பண்ணாங்களா, பிழைக்குமா, எவ்வளவு ஆகும். அவ்வளவுதான். ஃபோனை வைத்துவிட்டு உள்ளே போனேன். இரைப்பை முறுக்கிக்கொண்ட ஒரு லேப்ரடார் வந்திருந்தது. முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் நாய். ஃபென்டனில் ஒரு பம்ப், லிக்னோகெயின் ஒரு பம்ப், கெட்டமைன் ஒரு பம்ப். மூன்றையும் நானே செட் செய்தேன். கை தன்னால் செய்தது. அதே ராத்திரி, ஒன்பது வருஷமாக எங்கள் வீட்டைக் காத்த ராணிக்கு வலிக்கு என்ன போடுவார்கள் என்று கேட்க என் வாய் வரவில்லை. ஊரில் அதெல்லாம் எங்கே என்று நானே உள்ளுக்குள் முடிவு கட்டியிருக்கிறேன். இந்த எண்ணத்துக்கு என்ன பெயர் வைப்பது?

மூன்றாம் நாள், படுக்கையை மாற்றப் போன அம்மாவின் கையை ராணி கடித்துவிட்டது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவை. அம்மா அழுதது காயத்துக்காக இல்லை. "நா இன்னாடா பண்ணேன் அத?" என்று கேட்டாள். நீ ஒன்றும் செய்யவில்லை அம்மா, செய்ய வேண்டியதைச் செய்யாதது நான்.

அடுத்த வாரம் அந்த டாக்டரையே கூப்பிட்டேன். சண்டை போட இல்லை. அவர் சொன்னது: "தெரியும் சார், காலேஜ்ல படிச்சதுதான். ஆனா இத்தன வருஷத்துல ஒருத்தர்கூட வலிக்கு என்னன்னு கேட்டதில்ல. எவ்ளோ ஆகும்னுதான் கேப்பாங்க."

ஆகவே, இங்கே உட்கார்ந்துகொண்டு நாய்க்கு இன்ஷூரன்ஸ் கட்டும் மகாஜனங்களே, ஊரில் அப்பா அம்மாவுக்குத் துணையாக ஒரு நாயோ மாடோ இருந்தால் மூன்று கேள்விகளை அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். ஒன்று, மயக்கம் தவிர வலிக்குத் தனியாக என்ன போடுகிறீர்கள்? இரண்டு, அதை டிரிப்ஸில் ஏற்ற முடியுமா? மூன்று, ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு வலிக்கு என்ன, எத்தனை நாள்? மரியாதையாகக் கேட்டால் போதும். ஆகும் கூடுதல் செலவை நாம் அனுப்புவோம், நாம் இங்கே ஒரு தடவை பீட்சா வாங்கும் காசு.

ராணி இப்போது நன்றாக இருக்கிறது, திண்ணையில் பழைய இடத்தில். போன மாசம் எதிர் வீட்டு ஆட்டுக்குக் குட்டி சிக்கி வயிற்றை அறுக்க வேண்டி வந்ததாம். அம்மா தானாகவே கூடப் போயிருக்கிறாள். டாக்டர் கத்தியை எடுப்பதற்கு முன்னால், "சாமி, நோவுக்கு இன்னா போட்ட?" என்று கேட்டாளாம்.