தண்ணீர் திரும்பி ஓடினால்?

பழவேற்காடு ஏரிக் கரையில் இருக்கிறது சுண்ணாம்புக்குளம். தண்ணீர் ஒரே பக்கமாக ஓடாது என்பது அங்குள்ள மீனவர்களுக்குத் தெரியும். கடல் ஏறினால் உப்புநீர் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வருகிறது. கடல் வற்றினால் ஏரி நீர் கடலுக்குப் போகிறது.

குடிதண்ணீர்க் குழாயிலும் இப்படி நடக்கலாம்! வீட்டுக்கு வந்த தண்ணீர் தெருக் குழாய்க்கே திரும்பிப் போகலாம்.

எப்படித் திரும்புகிறது?

மேல்நிலைத் தொட்டியைத் திறந்தால் குழாயில் அழுத்தம் இருக்கும். தண்ணீர் வெளியே கொட்டும். தொட்டியை அடைத்தால் அழுத்தம் போய்விடும். குழாயில் மிச்சமிருக்கும் தண்ணீர் பள்ளத்துக்கு இறங்கும். அப்போது மேட்டில் உள்ள குழாய்கள் காற்றை உறிஞ்சும்.

அந்த நேரத்தில் ஒரு வீட்டு ரப்பர் குழாயின் நுனி, மீன் கழுவிய அண்டாவுக்குள் மூழ்கிக் கிடந்தால்? அந்த அழுக்குத் தண்ணீரையே குழாய் உறிஞ்சிக்கொள்ளும். அது நாளை யார் வீட்டுக் குடத்தில் விழும்? யாராலும் சொல்ல முடியாது.

தெருக் குழாயில் நேராக மோட்டார் வைத்து இழுத்தாலும் இதே ஆபத்துதான். விரிசல் வழியாகச் சாக்கடை உள்ளே வந்துவிடும்.

டில்லியில் நடந்தது

1955-ம் ஆண்டு யமுனையில் வெள்ளம் வந்தது. பிறகு ஆற்றின் போக்கு மாறியது. நஜப்கர் சாக்கடை நீர், வஜீராபாத்தில் குடிதண்ணீர் எடுக்கும் இடத்துக்கு எதிர்த்து ஏறி வந்தது. சுமார் 29 ஆயிரம் பேருக்கு மஞ்சள் காமாலை கண்டது.

அமெரிக்காவில் உஸ்டர் நகரில், 1969-ல் தீயணைப்புப் படையினர் ஏராளமாகத் தண்ணீர் எடுத்தார்கள். குழாயில் அழுத்தம் குறைந்தது. பக்கத்துக் கல்லூரி மைதானத்துக் குழாய், தரையில் தேங்கிய அசுத்த நீரை உறிஞ்சியது. அதைக் குடித்த கால்பந்து வீரர்கள் முதலிய சுமார் 90 பேருக்குக் கல்லீரல் நோய் தொற்றியது.

வால்வு மட்டும் போதுமா?

இதைத் தடுக்க ‘செக் வால்வு’ இருக்கிறது. அது ஒருவழிக் கதவு. தண்ணீர் வந்தால் திறக்கும்; திரும்பினால் மூடும்.

ஆனால் மணலும் துருவும் படிந்தால் கதவு சரியாக மூடாது. வெளியே பார்த்தால் தெரியாது.

கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு கசிந்தால், ஒவ்வொரு தடவையும் மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அலுத்துப்போய் உடனே மாற்றிவிடுகிறோம். தெரு வால்வு கெட்டால் அப்படி எந்த அடையாளமும் இல்லை. வீட்டில் பேதியும் காமாலையும் வந்த பிறகுதான் தெரியும்.

அதனால்தான் அமெரிக்க நகரங்கள் பலவற்றில் இத்தகைய வால்வுகளை ஆண்டுக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது.

பஞ்சாயத்து செய்ய வேண்டியது

2019-ல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து வீடுகளுக்குக் குழாய் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு ஊரிலும் 5 பெண்களுக்குத் தண்ணீரைச் சோதிக்கப் பயிற்சி தருவதும் அத்திட்டத்தில் உண்டு. இது நல்ல ஏற்பாடு.

தண்ணீரைச் சோதித்தால் மட்டும் போதாது. வால்வையும் சோதிக்க வேண்டும். குழாய்களுக்குக் கணக்கு இருப்பதுபோல, எந்த வால்வை எந்தத் தேதியில் சோதித்தார்கள் என்ற கணக்கும் வேண்டும். கிராம சபையில் அதைக் கேளுங்கள்.

தாய்மார்களே! காசு செலவில்லாத காவல் ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. குழாய் வாய்க்கும் குடத்துக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளியைத் தாண்டித் தண்ணீர் திரும்பிப் போக முடியாது.