அப்பாவின் மெமரி கார்டும் லண்டன் முருகனும்

அப்பா ரிக் வண்டியில் போர் போட வெளி மாநிலம் கிளம்பும்போதெல்லாம் மெமரி கார்டில் பாட்டு ஏத்திக் கொடுப்பது என் வேலை. (திருச்செங்கோடுன்னதும் சொந்த ரிக்குன்னு நினைச்சுடாதீங்க. அப்பா டிரைவர்தான்.) 2012-ல் செல் கடையில் 'முருகன் பாட்டு' ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணிட்டு வந்தேன். டி.எம்.எஸ்., சீர்காழி, சூலமங்கலம் சகோதரிகள்... நடுவில் திடீர்னு ஒரு பெண் குரல், கிடாரும் டிரம்ஸும் அதிர, முருகனைக் கூப்பிடுது. பேர் கூட இல்லை, வெறும் ட்ராக் நம்பர்.

அப்பா ரெண்டு நிமிஷம் கேட்டார்.

"என்ன கண்ணு இது, சாமியக் கூப்புடற மாதிரியா இருக்குது? அழிச்சுடு."

அழிச்சுட்டேன். எனக்குப் பிடிச்சிருந்ததுன்னு சொல்ல தைரியம் வரலை.

போன மாசம் யூடியூப் தானா எடுத்துப் போட்ட பாட்டில் அதே குரல்! சுசீலா ராமன். தஞ்சாவூர்த் தமிழ்ப் பெற்றோருக்கு 1973-ல் லண்டனில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். முதல் ஆல்பம் 'சால்ட் ரெய்ன்' 2001-ல் பிரிட்டனின் மெர்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியல் வரை போயிருக்கு. நான் அழிச்சது 2011-ல் வந்த 'வேல்' ஆல்பத்துப் பாட்டு. கிடார், சாம் மில்ஸ்.

உச்சரிப்பு இடிக்குதுன்னு சொல்வாங்க. சரி, சில இடத்தில் வார்த்தை நசுங்குது. ஆனா சாமி பாட்டுக்கு இவ்வளவு சத்தம் ஆகாதுன்னு சொன்னா சண்டைக்கு வருவேன். தைப்பூசத்துக்குப் பழனிக்குக் காவடி போறப்ப பம்பையை யாராவது மெதுவா அடிச்சுப் பார்த்திருக்கீங்களா? வைகாசி விசாகத் தேருக்கு எங்க ஊர் ரத வீதி எப்படி அதிரும் தெரியுமா? பக்தின்னா ஹார்மோனியத்தோட, நெத்தி நிறைய திருநீறோட, அடக்கமா இருக்கணும்கறது கேசட்டும் சினிமாவும் நமக்குப் பழக்கிவிட்டது. சுசீலா ராமன் பாடறது காவடிக்காரங்க பாடற மாதிரிதான் எனக்குக் கேட்குது. இதை லண்டன்காரங்க டிக்கெட் வாங்கிக் கேட்டிருக்காங்க. இங்க ஒரு செல் கடை ஃபோல்டரில் தப்பிப் போய் வந்து சேர்ந்திருக்கு. நான் அதையும் அழிச்சேன்.

கம்ப்ரசர் பக்கத்திலேயே வருஷக்கணக்கா நின்னு அப்பாவுக்கு இப்ப காது மந்தம். ஊருக்குப் போனப்ப ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பேசாம உட்கார்ந்திருந்தேன்.

"இது அன்னிக்கு நாம அழிச்ச பாட்டுதானே?"ன்னார். ஞாபகம் வெச்சிருக்கார் மனுஷன்! அப்புறம் இன்னும் கொஞ்சம் சத்தமா வைக்கச் சொன்னார்.

டிஸ்கி: முழு ஆல்பமும் பிரமாதம்னு சொல்லலை. அதில் இருக்கிற இங்கிலீஷ் பாட்டுங்க எனக்கு ஒட்டலை.