நிறம் நிலைக்க வேண்டுமானால்...



பெருநாள் இரவில் நம் இல்லத்துப் பெண்மக்கள் மருதாணி அரைத்துக் கையில் இட்டுக்கொண்டு உறங்குகின்றனர். விடிந்ததும் கை சிவந்திருக்கிறது. எத்தனை முறை உளூச் செய்தாலும் அந்நிறம் பல நாள் நீங்குவதில்லை. அதே மருதாணியில் வெள்ளைப் பருத்தி நூலை இரவு முழுதும் ஊறவைத்துக் காலையில் அலசிப் பாருங்கள். மங்கிய பழுப்பு மட்டுமே அதில் மிஞ்சும். கையைப் பற்றிக்கொண்ட சாயம் நூலை மட்டும் பற்ற மறுப்பது ஏன்?

நம் தோல் புரதத்தால் ஆனது. கம்பளியும் பட்டும் அவ்வாறே. மருதாணியின் சாயம் புரதத்தோடு எளிதில் இணைந்துவிடும். பருத்தியோ செடியில் விளைந்த செல்லுலோஸ். சாயத்தைத் தானாகப் பற்றிக்கொள்ளும் இயல்பு அதற்குக் குறைவு. ஆதலின் அதனை முன்கூட்டியே பக்குவப்படுத்த வேண்டியிருக்கிறது.

நம் பெண்மக்கள் பலர் குரோஷா ஊசி கொண்டு தொப்பியும் மேசை விரிப்பும் பின்னுகின்றனர். தாமே நூலுக்குச் சாயமேற்றிப் பார்க்க வேண்டும் என்னும் ஆசை அவர்களுக்கு எழுவது இயற்கை. ஆனால் முதல் முயற்சியில் நூலை நேரே சாயநீரில் இட்டுக் கொதிக்கவைக்கிறார்கள். எடுக்கும்போது கண்ணைப் பறிக்கும் நிறம், அலசியதும் நீரோடு போய்விடுகிறது. 'இது நமக்கு வராது' என்று நூலையும் ஊசியையும் ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். 'வேண்டாத வேலை' என்று வீட்டுப் பெரியவர்களும் சொல்லிவிட்டால், அந்த ஆர்வம் அன்றோடு முடிந்துபோகும். குறை அப்பெண்ணின் கையில் இல்லை. நூலைப் பக்குவப்படுத்தும் முறையை எவரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை என்பதே உண்மை. அம்முறையை இங்கே காண்போம்.

100 கிராம் வெள்ளைப் பருத்தி நூலை எடுத்துக்கொள்ளுங்கள். உருண்டையாக இருந்தால் அதனை நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டுங்கள். இறுகக் கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. கட்டாமல் விட்டாலோ நூல் சிக்கலாகிவிடும்.

முதலாவது, கழுவுதல். நான்கு லிட்டர் நீரில் இரண்டு தேக்கரண்டி சலவைச் சோடா கரைத்து, நூலை அதில் இட்டு ஒரு மணி நேரம் மெல்லிய தீயில் கொதிக்க விடுங்கள். வெண்மையாகத் தோன்றிய நூலிலிருந்து பழுப்பு நீர் இறங்குவதைக் கண்டு வியப்பீர்கள். பருத்தியில் இயல்பாகவே உள்ள மெழுகும் பிசுக்கும் அப்படி வெளியேறுகின்றன. பின்பு நல்ல நீரில் அலசிவிடுங்கள்.

இரண்டாவது, கடுக்காய். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கடுக்காய்த் தூள் 20 கிராமை வெந்நீரில் கலக்கி, ஆறியபின் நூலை அதில் ஓரிரவு ஊறவையுங்கள். கடுக்காயின் துவர்ப்பு பருத்தியில் படிந்து, அடுத்து வருவதைப் பற்றிக்கொள்ளும் தன்மையை அதற்குத் தருகிறது. கலம்காரித் துணி வரைவோர் தலைமுறை தலைமுறையாகக் கடுக்காயில் துணியைத் தோய்ப்பதும் இக்காரணம் பற்றியே.

மூன்றாவது, படிகாரம். 15 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, வேண்டிய அளவு நீர் சேர்த்து, பிழிந்த நூலை அதில் மற்றோர் இரவு வையுங்கள். நூலுக்கும் சாயத்துக்கும் இடையே நின்று இரண்டையும் பிணைப்பது இந்தப் படிகாரமே.

நான்காவதாகத்தான் சாயம் வருகிறது. உலர்ந்த வெங்காயத் தோல் 100 கிராம் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரியாணி ஆக்கும் கல்யாண வீட்டில் சொல்லிவைத்தால் சாக்குக் கணக்கில் கிடைக்கும். தோலை ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து வடிகட்டி, நீர் ஆறியபின் ஈரமான நூலை அதில் இட்டு, சிறுதீயில் மீண்டும் ஒரு மணி நேரம் சூடேற்றுங்கள். அவ்வப்போது மெதுவாகத் திருப்பிவிட வேண்டும். இல்லையேல் நிறம் திட்டுத் திட்டாகப் படியும். அதே நீரில் ஓரிரவு விட்டு, மறுநாள் எடுத்து நிழலில் உலர்த்தி, பிறகு நீர் தெளியும் வரை அலசுங்கள். பொன்மஞ்சளிலிருந்து செம்பழுப்பு வரை ஏதேனும் ஒரு நிறம் நிலைத்திருக்கும். வெங்காயத் தோலுக்கு மாற்றாக மாதுளைத் தோலையும் பயன்படுத்தலாம்.

மஞ்சள் தூள் எளிதாயிற்றே என்று சிலர் எண்ணக்கூடும். மஞ்சள் உடனே ஏறும். வெயில் பட்டால் வெளுத்துவிடும். குழம்பு சிந்திய சட்டையில் சோப்புப் பட்டதும் கறை சிவப்பதைப் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் தோய்ந்த நூலுக்கும் அதே கதிதான். விரைந்து ஏறும் நிறம் யாவும் நிலைத்து நிற்பதில்லை.

சில எச்சரிக்கைகள். சாயப் பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். இரும்புச் சட்டி நிறத்தைக் கருக்கிவிடும். அப்பாத்திரத்தை மீண்டும் சமையலுக்கு எடுக்காதீர்கள். படிகாரத்தைச் சிறு குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள். நிறம் கூட்டுவதற்கென்று மயில்துத்தத்தைச் சிலர் பரிந்துரைப்பர். அது நஞ்சு, வீட்டுக்கு வேண்டாம். விரலில் ஏறிய நிறம் உளூவைத் தடுக்காது. தோலின்மீது ஒட்டிக் காய்ந்த விழுதையே நீக்க வேண்டும். குங்குமப்பூச் சாயம் தோய்த்த உடையை ஆண்கள் அணிவது ஹதீஸில் விலக்கப்பட்டுள்ளது. குசும்பாப்பூச் சாயம் பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆண்மக்களின் தொப்பி நூலுக்கு இவ்விரண்டையும் தவிர்ப்பதே பேணுதலான வழி.

மற்றொன்றும் சொல்ல வேண்டும். மிஞ்சிய சாயநீர் எங்கே போகிறது? திருப்பூர்ச் சாயக் கழிவால் நொய்யல் ஆறு கெட்டு, உழவர்கள் வழக்காடி, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயத் தொழிற்கூடங்களை மூட உத்தரவிட்டதை நாடறியும். நம் வீட்டு வாளி சிறியதுதான். எனினும் பொது நீரையும் அண்டை வீட்டாரின் உரிமையையும் பேணுவது சிறிய வாளிக்கும் உரிய கடமையாகும். மிஞ்சிய நீரில் நிறைய நல்ல நீர் சேர்த்து, கிணற்றுக்கும் குளத்துக்கும் அப்பால் மண்ணில் ஊற்றுங்கள்.

சாயத் தொழில் நமக்கு அந்நியமானதன்று. பக்தாதின் நிஸாமிய்யாவில் கற்பித்தவரும் 'அஷ்ஷாமில்' என்னும் ஷாஃபிஈ சட்ட நூலை இயற்றியவருமான இமாம் இப்னுஸ் ஸப்பாக் (ஹிஜ்ரி 477இல் மறைந்தவர்) அவர்களின் பெயருக்குச் 'சாயக்காரரின் மகன்' என்பது பொருள். கைத்தொழிலின் பெயரே அந்த அறிஞரின் பெயராக நிலைத்துவிட்டது. நம் பத்தமடையில் முஸ்லிம் பெண்கள் சாயமேற்றிய கோரையில் பாய் நெய்து ஊருக்கே பெயர் தேடித் தந்துள்ளனர். ஆகவே உங்கள் மகள் அடுப்படியில் வெங்காயத் தோலைச் சேர்த்து வைத்தால், 'வேண்டாத வேலை' என்று சொல்லிவிடாதீர்கள்.

திருக்குர்ஆனின் 'அல்பகரா' அத்தியாயம் 138ஆம் வசனத்தில் 'ஸிப்கத்' என்னும் சொல் வருகிறது. சாயம், வண்ணம் என்பது அதன் நேர்ப்பொருள். அல்லாஹ்வின் மார்க்கத்தையே அது குறிக்கிறது என விரிவுரையாளர் பலர் விளக்கியுள்ளனர். நூலுக்குச் சாயமேற்றிப் பார்த்தவர்களுக்கு அச்சொல்லின் ஆழம் இன்னும் நன்றாக விளங்கும்.

பிள்ளைகளின் உள்ளத்தில் தீனின் வண்ணம் ஏற வேண்டும் என்று விரும்பாத பெற்றோர் இல்லை. ஆனால் அதட்டலால் ஒரே நாளில் ஏற்றிவிட நினைக்கிறோம். ஏறியதுபோல் தோன்றிய நிறம் வெளியூர்க் கல்லூரியில் முதல் அலசலிலேயே வெளுக்கும்போது கலங்குகிறோம். அழுக்கு நீக்கும் நற்பழக்கம், பற்றிக்கொள்ளச் செய்யும் அன்பு, இரவும் பகலும் காத்திருக்கும் பொறுமை ஆகியவை முந்தட்டும். வண்ணம் அதன்பின் தானே ஊறும், இன்ஷா அல்லாஹ்.