பூனைக்கும் தண்ணீர் வேண்டும்

“வேளைக்குத் தீனி வைத்தால் போதும், பூனை தானே பிழைத்துக்கொள்ளும்” என்பது நம் நண்பர்கள் பலரின் எண்ணம். சென்ற மார்கழி வரை என் எண்ணமும் அதுவே. அந்த எண்ணம் ஓர் உயிரைக் குடித்துவிட்டது.

நானும் என் அறைத் தோழரும் கறுப்பன் என்றொரு கடுவன் பூனையை வளர்த்து வந்தோம். கடையில் விற்கும் உலர்ந்த தீனியே அதற்கு மூன்று வேளையும் உணவு. இவ்வூர்க் குளிரில் அது தண்ணீர்க் கிண்ணத்தை எட்டியும் பார்க்கவில்லை. ஒருநாள் மணல் தட்டில் உட்காருவதும் முக்குவதும் எழுந்து கத்துவதுமாக இருந்தது. “மலச்சிக்கலாக இருக்கும், நாளைக்குப் பார்க்கலாம்” என்றார் தோழர். தேர்வு நெருங்கியிருந்தது, நானும் தலையாட்டினேன். மறுநாள் மாலை மருத்துவர் தொட்டுப் பார்த்தார். “சிறுநீர் அடைத்திருக்கிறது. நேற்றே வந்திருக்கக் கூடாதா, தம்பி?” என்றார். கறுப்பன் அன்றிரவைத் தாண்டவில்லை.

கடுவனின் சிறுநீர்த்தாரை மிகக் குறுகலானது. உப்புப் படிகங்களும் சளியும் திரண்டால் அடைபட்டுவிடும். பின் இரத்தத்தில் பொட்டாசியம் பெருகி, இரண்டு மூன்று நாளில் இதயம் நின்றுபோகும். பூனையின் முன்னோர் வறண்ட நிலத்துக் காட்டுப் பூனைகள். இரையின் ஈரத்திலேயே பெரிதும் தாகம் தீர்த்தவை. எலியின் உடலில் ஏறக்குறைய 70 விழுக்காடு நீர். உலர் தீனியிலோ 10 விழுக்காடு அளவே. அந்தக் குறையைப் பூனை தானாகக் குடித்து ஈடுசெய்யும் என்று நம்புவது பேதைமை.

“மாணவர்களுக்கு இதற்கெல்லாம் பணம் ஏது?” என்று சிலர் கேட்கலாம். தண்ணீருக்கு என்ன விலை? தீனியில் வெதுவெதுப்பான நீர் ஊற்றிக் குழைத்து வையுங்கள். முடிந்தபோது ஈர உணவு கொடுங்கள். இரண்டு மூன்று இடங்களில் தண்ணீர் வைத்து நாள்தோறும் மாற்றுங்கள். மணல் தட்டு அழுக்காயிருந்தால் பூனை சிறுநீரை அடக்கும். நாள்தோறும் துப்புரவு செய்யுங்கள். பூனை கொழுக்காதபடி ஓடியாட விடுங்கள். அச்சமும் இடமாற்றமும்கூடச் சிறுநீர்ப்பைக் கோளாற்றைத் தூண்டுவதுண்டு. ஆகவே பருவந்தோறும் அறைக்கு அறை பூனையைக் கைமாற்றும் வழக்கத்தை விட்டொழியுங்கள்.

பூனை வளர்ப்பது பொழுதுபோக்கு அன்று, பொறுப்பு. இவ்வளவும் செய்ய இயலாதவர் வளர்க்காதிருப்பதே நலம் என்பது என் துணிபு.

நண்பர்களே, முக்கியும் சிறுநீர் வராத கடுவனைக் கண்டால் நாளைக்கென்று தள்ளாதீர்கள். அப்பொழுதே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். நான் அன்று படித்த தேர்வை மறுமுறையும் எழுதியிருக்கலாம்.