இரட்டை எஃகுச் சிலிண்டர்: கனமும் பாதுகாப்பும்

முதுகில் சுமக்கும் இரட்டை எஃகுச் சிலிண்டர்கள் எவ்வளவு பெரியவையோ, எவ்வளவு கனமானவையோ, அவ்வளவுக்குப் பாதுகாப்பு கூடும் என்ற கருத்து வட ஃபுளோரிடாவின் ஊற்றுக் குகைகளில் ஸ்கூபா முறையில் மூழ்குவோரிடையே ஊறிப்போய், அங்கிருந்து கடலில் மூழ்குவோரிடமும் பரவியிருக்கிறது. அதற்குச் சொல்லப்படும் காரணங்களைத் தனித்தனியே சோதித்தால், அவற்றுள் ஒன்றும் முழுமையாக நிலைபெறுவதில்லை.

எஃகின் கனத்தால் இடுப்பில் கட்டும் ஈயக் கட்டிகள் தேவைப்படா என்பது முதற்காரணம். காற்றுத் தீர்ந்த அலுமினியச் சிலிண்டர் நீரில் மேலெழ முயல்வதால் அதற்கு ஈயம் வேண்டும் என்ற அளவில் இது சரியே. ஆயினும், ஆபத்தில் ஈயத்தைக் கழற்றி விடலாம்; மூச்சுக்கு ஆதாரமான சிலிண்டரைக் கழற்றி விட முடியாது. தலா 12 லிட்டர் கொள்ளளவுள்ள இரு சிலிண்டர்களை 232 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால், உள்ளிருக்கும் காற்றின் எடை மட்டும் ஏறத்தாழ 6.5 கிலோ ஆகும். காற்றுக் குறைந்த இறுதிக் கட்டத்தில் மிதக்காமலும் அமிழாமலும் நிற்கும்படி எடையைச் சரிசெய்துகொள்வதே முறை என்பதால், தொடக்கத்தில் அந்த 6.5 கிலோ மிகைச் சுமையாகவே இருக்கும். இத்துடன், வெட்சூட் எனப்படும் நுண்குமிழ் ரப்பர் உடை 30 மீட்டர் ஆழத்தில், நீர்ப்பரப்பில் உள்ளதைப் போல் நான்கு மடங்கு அழுத்தத்தில் நசுங்கி, தன் மிதப்பாற்றலில் பாதிக்கு மேல் இழந்துவிடுகிறது. அந்த ஆழத்தில், காற்றூதி மிதப்பைச் சீர்செய்ய உதவும் முதுகுப் பை கிழிந்துவிட்டால், பத்துக் கிலோவை நெருங்கும் சுமையைக் கால் துடுப்புகளை உதைத்தே மேலே கொண்டுவர வேண்டும். காலியான பின்னும் நீரில் அமிழும் கனத்த சிலிண்டரைச் சுமந்து, கழற்றுவதற்கு ஈயமும் இல்லாதவர் அதைச் செய்து முடிப்பது அரிது. ஆகவே வெட்சூட்டுடன் கனத்த இரட்டை எஃகைச் சேர்ப்பது தவறான தேர்வு. உடலை நனையவிடாமல் உள்ளே காற்றை ஏற்றிக்கொள்ளும் டிரைசூட் அணிபவருக்கு மிதப்பின் இரண்டாம் வழி கையில் இருப்பதால், குளிர்ந்த நீரில் நெடுநேரம் இருக்க அவர் எஃகைத் தேர்வதில் நியாயம் உண்டு. கடலுக்கென எடையைச் சரிசெய்தவர் நன்னீர் ஊற்றில் இறங்கும்போது, நீரின் அடர்த்தி குறைவதால், மேலும் இரண்டு மூன்று கிலோ மிகையாகும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

காற்று மிகுந்தால் பாதுகாப்பு மிகும் என்பது இரண்டாம் காரணம். குகை முழுக்கில் காற்றில் மூன்றில் ஒரு பங்கை உள்ளே செல்லவும் ஒரு பங்கை வெளியேறவும் செலவிட்டு, எஞ்சிய பங்கை இடருக்கென ஒதுக்குவது விதி. குகை மூழ்குநர் ஷெக் எக்ஸ்லி 1979இல் வெளியிட்ட கையேடு வற்புறுத்திய விதிகளுள் இதுவும் ஒன்று. விதி விகிதத்தில் அமைந்திருப்பதால், சிலிண்டர் பெரிதானால் உள்ளே செல்லும் தொலைவும் வெளியேற வேண்டிய தொலைவும் சேர்ந்தே நீள்கின்றன. தவிர, இணையாகச் செல்லும் இருவரில் சிறிய சிலிண்டர் வைத்திருப்பவரின் காற்றைக் கொண்டே திரும்பும் எல்லை முடிவாகிறது.

எஃகு வலியது, எனவே குறித்த அழுத்தத்தை மீறி நிரப்பலாம் என்ற மூன்றாம் வாதம் நெடுநேரம் ஆராயத் தக்கதன்று. அமெரிக்காவில் 2400 பிஎஸ்ஐ எனப் பொறித்த சிலிண்டரைக் கூட்டல் குறி இருந்தால் பத்து விழுக்காடு கூட்டி 2640 வரை நிரப்பலாம். அதே சிலிண்டரில் 3600 ஏற்றும் வழக்கமோ, ஐந்தாண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனையில் கொடுக்கப்படும் 4000 பிஎஸ்ஐயில் பத்தில் ஒன்பது பங்கை, ஒவ்வொரு நிரப்பலின்போதும் உலோகத்தின்மேல் சுமத்துகிறது.

தோள்வலிமை இருந்தால் கையாளுவது எளிது என்ற எண்ணமும் பிழையானது. இரு சிலிண்டர்களையும் இணைக்கும் குறுக்குக் குழாயான மேனிஃபோல்டின் நடுவில் ஒரு தடுப்பு வால்வு உண்டு. அது தவறுதலாக மூடிக் கிடந்தால், வலப்பக்க ரெகுலேட்டரில் மூச்சு வாங்க வாங்க வலச் சிலிண்டர் மட்டும் காலியாகும். இடப்பக்கத்தில் பொருத்திய அழுத்தமானியின் முள்ளோ அசையாமல் நிற்கும். அந்த முள் காட்டும் எச்சரிக்கையைப் புரிந்துகொண்டு, தலைக்குப் பின்னே கையை நீட்டி வால்வைத் திறக்க வேண்டுமெனில், விரல்கள் குமிழை எட்ட வேண்டும். நீண்ட சிலிண்டரைக் குட்டையான உடலில் கட்டும்போது, குமிழ்களை எட்டும் உயரத்துக்கு ஏற்றினாலும் அடிப்பகுதி இடுப்புக்குக் கீழே நீண்டு உடலின் சமநிலையைக் கெடுக்கும், தாழ்த்திக் கட்டினால் குமிழ்கள் கைக்கு எட்டாமல் போகும்; எனவே வாங்குபவர் கொள்ளளவையும் விலையையும் கேட்பதற்கு முன், சிலிண்டரை முதுகில் மாட்டி இரு சிலிண்டர் வால்வுகளோடு நடுத் தடுப்பு வால்வையும் சேர்த்து மூன்றையும் தாமே மூடித் திறந்து பார்ப்பதே தேர்வின் முதற்படியாக இருக்க வேண்டும்.